கதையில் வரும் பெண்ணும் நம் வீட்டுப் பெண்ணும்

(காட்டூரில் ஒரு படிப்பகத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று இங்கு நம்மைப் பேசும்படி கேட்டுக் கொண்ட விஷயம், "துப்பறியும் கதைகளைப் பெண்கள் படிக்கலாமா?" என்பதாகும். நோட்டீசைப் பார்த்துவிட்டுச் சில தோழர்கள், "சாமி, சாதி, சாஸ்திரம் என்று பேச வேண்டியவை எவ்வளவோ இருக்க, கதைப் புத்தகத்திற்கு ஒரு கூட்டமா?" என்று கேட்டார்கள். கேட்டது நியாயமேயாகும். ஆனாலும் இக்கூட்டத்திற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

இவ்வூர்த் தோழர் ஒருவருடைய மகள் எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். அவள் இப்படிப்பகத்திலிருந்து ஒரு பழைய படக்கதைப் புத்தகத்தை எடுத்துப் போய் வீட்டுத் திண்ணையில் படித்துக் கொண்டிருந்தாள். அவளுடைய பாட்டனார் அட்டையைப் பார்த்தார். அதிலே ஒரு பெண் கையில் துப்பாக்கியுடன் நிற்கிறாள். அவ்வளவுதான், புத்தகம் அடுப்புக்குப் போயிற்று. "இனிப் படிப்பகத்துப் பக்கம் தலை காட்டக் கூடாது" என்று உத்தரவும் ஆகிவிட்டது. அதே வீட்டில் அப்பெண்ணின் அண்ணன் வைத்திருந்த துப்பறியும் நாவல் மாத்திரம் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. அதன் அட்டையிலும் ஒரு பெண் உண்டு. ஆனால் அவள் கொலையுண்டு கிடக்கிறாள்!

தோழர்களே! செத்துக் கிடக்கும் பெண்ணால் அந்தப் பெரியவருக்கு ஒரு கெடுதலும் தோன்றவில்லை. நிமிர்ந்து நிற்கும் பெண்ணால்தான் குடும்பம் கெட்டுப் போகும் என்று தோன்றிற்று. ஆகையால் இது ஒரு புத்தகத்தைப் பற்றிய விஷயமல்ல. நம் வீட்டுப் பெண் இந்தப் படிப்பகத்தின் வாசற்படியை மிதிக்கலாமா, கூடாதா என்கின்ற விஷயமேயாகும்.

அடுப்பில் போனது மாடஸ்டி என்னும் பெண்ணின் கதை. பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் பேர்போன சிவகாசியிலிருந்து 1972-இல் முத்து காமிக்ஸ் என்ற படக்கதைப் பத்திரிகை "இரும்புக்கை மாயாவி"யோடு கிளம்பிற்று. அதே ஊரிலிருந்து 1984 ஜூலையில் லயன் காமிக்ஸ் கிளம்பிய போது, அதன் முதல் இதழாக வந்தது "கத்தி முனையில் மாடஸ்டி" என்பதாகும். புதிதாகக் கடை திறக்கிறவன் முதல் நாளில் எதை முன்னால் வைப்பான்? விற்கும் என்று நம்பியதைத்தானே வைப்பான்? அப்படி ஒரு பெண்ணை முன்னால் வைத்துத் தமிழில் ஒரு படக்கதைப் பத்திரிகை தொடங்கியது. தமிழ்ப் பிள்ளைகளும் பெரியவர்களும் அவளை "இளவரசி" என்று கொண்டாடினார்கள். இன்றைக்கும் பழைய இதழைத் தேடிப் பழைய புத்தகக் கடைகளில் அலைகிறவர்கள் இருக்கிறார்கள். நாமும் அந்தக் கதைகளை இரசித்துப் படித்தவர்களில் சேர்ந்தவர்களே. இதைச் சொல்ல நாம் வெட்கப்படவில்லை.

இதன் அருமை தெரிய வேண்டுமானால், நம்முடைய துப்பறியும் கதைகளில் பெண்ணின் நிலை என்ன என்று பார்க்க வேண்டும். ஜே.ஆர். ரங்கராஜு "இராஜாம்பாள்" எழுதியது 1908-இல். அவர் கதைகளில் துப்பறிகிறவர் கோவிந்தன். ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி அய்யங்காரும் எழுதிக் குவித்தார்கள். பிறகு தேவனுடைய சாம்பு வந்தார். தேநீர் குடித்துக் கொண்டே யோசிக்கும் சங்கர்லாலைத் தமிழ்வாணன் கொண்டு வந்தார். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, நம் திருச்சி செயிண்ட் ஜோசப் கல்லூரியில் படித்த சுஜாதாவுக்குக் கணேஷ், வசந்த் என்று இரண்டு வக்கீல்கள். இவர்களெல்லாம் ஆண்கள். பெண்ணுக்கு என்ன வேலை? காணாமற் போவது, அல்லது கொலையுண்டு போவது, அல்லது கடைசி அத்தியாயத்தில் அழுது கொண்டே நன்றி சொல்லுவது!

பிறகு ராஜேஷ்குமார் விவேக்குடன் ரூபலாவைச் சேர்த்தார். பட்டுக்கோட்டை பிரபாகர் பரத்துடன் சுசீலாவைச் சேர்த்தார். சுபா என்ற இரட்டையர் நரேந்திரனுடன் வைஜெயந்தியைச் சேர்த்தார்கள். இது பெரிய முன்னேற்றம் என்பதை ஒப்புக் கொள்ள வேண்டும். சுசீலாவின் வாய்த் துடுக்குக்காகவே அக்கதைகளை வாங்கினவர்கள் உண்டு. ஆனால் பெயர் வரிசையைச் சற்றுக் கவனியுங்கள். பரத்-சுசீலா, விவேக்-ரூபலா, நரேந்திரன்-வைஜெயந்தி. கலியாணப் பத்திரிகையில் போலவே ஆண் பெயர் முன்னால், பெண் பெயர் பின்னால்! இந்த வரிசையைத் தலைகீழாக்கியவள்தான் மாடஸ்டி. அங்கே முன்னால் நடப்பவள் அவள். கூட நடப்பவன் வில்லி கார்வின் என்ற ஆண்.

அவள் யார் என்று பாருங்கள். பீட்டர் ஓடானல் என்கிற ஆங்கிலேய ஆசிரியர் எழுத, ஜிம் ஹோல்டவே படம் வரைய, 1963 மே மாதம் லண்டன் "ஈவினிங் ஸ்டாண்டர்டு" பத்திரிகையில் அவள் கதை தொடங்கிற்று. 1970-இல் ஹோல்டவே இறந்த பிறகு வேறு சித்திரக்காரர்கள் வரைந்தார்கள். 2001 வரை, 38 வருஷ காலம் அது நடந்தது. 1965 முதல் நாவல்களாகவும் ஓடானல் எழுதினார்.

இந்தப் பெண் அவருக்கு எங்கிருந்து கிடைத்தாள் என்பதை அவரே சொல்லியிருக்கிறார். 1942-இல் அவர் பட்டாளத்துச் சிப்பாயாகப் பாரசீகத்தின் வடபகுதியில் இருந்தார். யுத்தத்தில் வீடிழந்த அகதிகள் அவ்வழியே வந்து கொண்டிருந்தார்கள். அவர்களில் தன்னந்தனியாக ஒரு சிறுமி. பன்னிரண்டு வயதிருக்கலாம். சிப்பாய்கள் அவளுக்கு உணவு கொடுத்தார்கள். அவள் கழுத்தில் ஒரு கயிறு. அதில் ஒரு மரத்துண்டு. அதன் நுனியில் ஓர் ஆணி. தோழர்களே! அது தாலியல்ல, தாயத்துமல்ல. தன்னைத் தானே காப்பாற்றிக் கொள்ளுவதற்குத் தானே செய்து கொண்ட ஆயுதம்! உணவை வாங்கி உண்டுவிட்டு அவள் தன் வழியே போய்விட்டாள். இருபது வருஷத்துக்குப் பின்னால் கதை எழுத உட்கார்ந்த போது அந்தச் சிறுமிதான் அவர் கண்முன் நின்றாள்.

அதனால்தான் கதையிலும் மாடஸ்டி தாய் தகப்பன் தெரியாத அகதிப் பெண். சாதியில்லை, கோத்திரமில்லை, குலதெய்வமில்லை. பெயர் கூட இல்லை. அகதி முகாமில் ஒரு கிழ ஆசிரியரைக் கண்டு, அவரைத் திருடர்களிடமிருந்து காப்பாற்றுகிறாள். அவர் அவளுக்கு எழுத்தும் படிப்பும் சொல்லிக் கொடுக்கிறார். "மாடஸ்டி" என்ற பெயரும் அவர் வைத்ததே. "பிளேஸ்" என்ற இரண்டாம் பெயரை அவளே தேர்ந்தெடுத்துக் கொள்ளுகிறாள். தகப்பன் பெயரும் புருஷன் பெயரும் ஒட்டாத ஒரு பெண், தன் பெயரைத் தானே வைத்துக் கொண்டாள் என்பது நாம் யோசிக்கத்தக்க விஷயமல்லவா?

அவள் வளர்ந்து ஒரு கள்ளக் கடத்தல் கூட்டத்திற்குத் தலைவியாகிறாள். ஆனால் போதை மருந்தையும், பெண்களை விற்கும் தொழிலையும் தன் கூட்டம் தொடக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்தவள். போதுமான பணம் சேர்ந்ததும் கூட்டத்தைக் கலைத்துவிட்டு, பிறகு பிரிட்டிஷ் உளவு இலாகா அதிகாரியான டாரண்ட் என்பவர் கேட்கும் போதெல்லாம் கஷ்டமான காரியங்களில் இறங்குகிறாள்.

அந்தக் காரியங்களை அவள் எப்படிச் செய்கிறாள் என்பதில்தான் பகுத்தறிவுக்காரனுக்கு இன்பம் இருக்கிறது. அவளுக்கு வரப்பிரசாதம் ஒன்றுமில்லை. ஆகாயத்திலிருந்து சேலை வந்து மானம் காக்கவில்லை. பூமி பிளந்து ஏற்றுக் கொள்ளவில்லை. கொங்கோ என்று ஒரு சிறு மரக்கட்டை, உள்ளங்கையில் அடங்கும். அதைக் கூந்தல் முடிச்சில் செருகி வைத்திருப்பாள். எங்கே அடித்தால் எதிரி விழுவான் என்று பழகியிருப்பாள். எதிரியின் இடத்தை முன்னதாகவே விசாரித்திருப்பாள். வில்லியும் அவளும் உட்கார்ந்து யோசனை செய்து, ஒத்திகை பார்த்து, அதற்குப் பிறகே புறப்படுவார்கள். அகப்பட்டுக் கொண்டால், "யாராவது வந்து காப்பாற்றுங்கள்" என்று கூவமாட்டாள். அறையில் என்ன இருக்கிறது, காவற்காரன் எப்போது மாறுகிறான், கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று கணக்குப் பார்ப்பாள். தப்பினாள் என்றால், எப்படித் தப்பினாள் என்று நமக்கும் காரணம் காட்டப்படும்.

துப்பறியும் கதையின் யோக்கியதையே அதுதான். கொலை நடந்த வீட்டுக்கு வந்து, "எல்லாம் விதி" என்று எழுதி வைத்துவிட்டுப் போகிறவனைத் துப்பறிகிறவன் என்று யாராவது சொல்லுவார்களா? யார் செய்தான், எதற்காகச் செய்தான், சாட்சி என்ன என்று கேட்டுத்தானே ஆக வேண்டும்? இப்படிக் கேட்கும் பழக்கம் ஒரு பெண்ணுக்கு வந்துவிட்டால், அவள் துப்பாக்கிக் கதையோடு நிற்கமாட்டாள். "எனக்கு மாத்திரம் ஏன் படிப்பை நிறுத்தினீர்கள்? என் நகை எங்கே போயிற்று? பத்திரத்தில் என் பெயர் ஏன் இல்லை?" என்றும் கேட்பாள். பெரியவருக்கு உள்ள பயம் துப்பாக்கியின் மேல் அல்ல. இந்தக் கேள்விகளின் மேல்தான்!

இனி, வில்லி கார்வினைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே கூடியிருக்கும் ஆண்கள் அவனைத்தான் அதிகமாகக் கவனிக்க வேண்டும். அவனும் அனாதையாக வளர்ந்தவன். முரடன். சைகோனில் சிறையில் கிடந்தவனை மாடஸ்டி மீட்டு, நம்பி, ஒரு வேலை கொடுத்தாள். அந்த நம்பிக்கைக்குத் தகுதியாக வேண்டுமென்றே அவன் மனிதனாகிறான். கத்தி வீசுவதில் அவனுக்கு நிகரில்லை. பலத்தில் அவளைவிட மிக்கவன். ஆயினும் தலைமை அவளுடையது. அவள் சொன்னால் அவன் செய்கிறான். அவன் சொல்லும் யோசனை நல்லதானால் அவள் கேட்கிறாள். ஒருவர் உயிரை ஒருவர் எத்தனையோ தடவை காப்பாற்றுகிறார்கள். இருந்தும் அவன் அவளுக்குப் புருஷனல்ல, காதலனுமல்ல, தோழன்.

நம் நாட்டில் இதை நம்புவார்களா? ஓர் ஆணும் பெண்ணும் பஸ் நிறுத்தத்தில் பத்து நிமிஷம் பேசினால், பதினோராவது நிமிஷத்தில் ஊருக்கே செய்தி போய்விடும். ஆணுக்கும் பெண்ணுக்கும் மத்தியில் தாலி அல்லது கள்ளத்தனம் என்ற இரண்டைத் தவிர மூன்றாவதாக ஒன்று இருக்க முடியும் என்பதே நம்மவர் புத்திக்கு எட்டுவதில்லை. அந்த மூன்றாவதைத்தான் இக்கதைகள் பக்கத்துக்குப் பக்கம் காட்டுகின்றன.

இது கதை என்று சிரித்துவிடக் கூடாது. பஞ்சாயத்துக்களை எடுத்துக் கொள்ளுங்கள். 1996 தேர்தலில் தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது. 2016-இல் சட்டத்தைத் திருத்திப் பாதி இடம் என்று ஆக்கினார்கள். நல்ல காரியம். ஆனால் எத்தனை ஊரில் அம்மையார் பெயருக்குத் தலைவியாக இருக்க, நாற்காலியில் புருஷன் உட்கார்ந்து கொண்டிருக்கிறான்? "தலைவர் எங்கே?" என்று கேட்டால், "நான்தான்" என்று மீசையைத் தடவுகிறான்! கையெழுத்து மட்டும் அந்த அம்மாளுடையது. ஏன் இப்படி? ஒரு பெண்ணின் தலைமையில் வேலை செய்வது ஆணுக்கு இழிவு என்று அவன் நெஞ்சில் ஆணி அடித்து வைத்திருக்கிறது. சட்டம் நாற்காலியைக் கொடுக்கும், புத்தியைக் கொடுக்காது. அந்தப் புத்தி வருவதற்கு வில்லி கார்வினைப் போன்ற ஆணைச் சிறு வயதிலேயே நூறு கதையில் பார்த்திருக்க வேண்டும். ஆகவே இப்புத்தகம் பெண்பிள்ளைக்கு ஒரு பங்கு வேண்டுமானால், ஆண்பிள்ளைக்கு இரண்டு பங்கு வேண்டும் என்பதே நம் அபிப்பிராயம்.

நிற்க. ஆக்ஷேபணைகளுக்கு வருவோம்.

"இதைப் படித்தால் பெண்ணுக்கு அடக்கம் போய்விடும்" என்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், "மாடஸ்டி" என்ற ஆங்கிலச் சொல்லுக்கே அடக்கம் என்றுதான் பொருள்! அடுப்பில் போட்டவர் "அடக்க"த்தையே அடுப்பில் போட்டிருக்கிறார். ஆனால் அவளுடைய அடக்கம், செய்த காரியத்தைத் தம்பட்டம் அடிக்காத அடக்கம். அடித்தால் வாங்கிக் கொள்ளும் அடக்கமல்ல. முன்னது ஆணுக்கும் வேண்டும், பெண்ணுக்கும் வேண்டும். பின்னது ஒருவருக்கும் வேண்டியதில்லை.

"அந்தப் படங்களில் உடை குறைச்சல்" என்கிறார்கள். சில இடங்களில் உண்மைதான். எழுதியவரும் வரைந்தவர்களும் ஆண்கள். பத்திரிகை விற்பதற்காக ஆண் கண்ணுக்கு விருந்து வைத்திருக்கிறார்கள். அதை நாம் ஆதரிக்கவில்லை. ஆனால் இந்த ஆக்ஷேபணையைச் சொல்லுகிறவர்கள், கோயில் தேரில் செதுக்கியிருக்கும் பொம்மைகளைப் பேரப்பிள்ளைகளோடு சுற்றி வந்து கும்பிடுகிறவர்கள்! அங்கே கண்ணுக்குத் தெரியாத ஆபாசம், சிவகாசிக் காகிதத்தில் மாத்திரம் தெரிவானேன்?

"இது நடவாத பொய்" என்கிறார்கள். கதை, கதைதான். அதை யாரும் சாமியறையில் வைத்துச் சூடம் காட்டவில்லை. ஆனால் பெண் துப்பறிவது பொய்யல்ல. அமெரிக்காவில் பிங்கர்ட்டன் என்பவருடைய துப்பறியும் நிலையத்தில் 1856-இல் கேட் வார்ன் என்ற பெண் வேலை கேட்டுப் போனாள். குமாஸ்தா வேலைக்கு என்று அவர் நினைத்தார். "துப்பறியும் வேலைக்குத்தான் வந்தேன், ஆண்கள் நுழைய முடியாத இடத்தில் நான் நுழைவேன்" என்று காரணம் காட்டி வேலையை வாங்கினாள். 1861-இல் ஆபிரகாம் லிங்கனைக் கொல்லச் சதி நடப்பதாகத் தெரிந்த போது, அவரை நோயாளியான சகோதரன் என்று சொல்லி இரயிலில் பத்திரமாகக் கொண்டு சேர்த்தவர்களில் அவளும் ஒருத்தி. அவ்வளவு தூரம் போவானேன்? தமிழ்நாட்டுப் போலீசில் 1973-இல்தான் பெண்களைச் சேர்த்தார்கள். ஒரு சப் இன்ஸ்பெக்டர், ஒரு தலைமைக் காவலர், 20 காவலர்கள். ஆக 22 பேர். 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. இன்று பெண்கள் ஜில்லா சூப்பரின்டென்டுகளாகவும் இருக்கிறார்கள். 1972-இல் இதைச் சொல்லியிருந்தால் அதுவும் "நடவாத பொய்" என்றே இருந்திருக்கும்.

"அது அன்னிய நாட்டுக் கதை" என்கிறார்கள். இதோ பக்கத்தில் பொன்மலைப் பட்டறையில் ஓடும் இயந்திரமும் அன்னிய நாட்டுச் சரக்குதான். அதனால் இரயில் ஏற மறுக்கிறோமா? நல்ல ஆயுதம் எங்கிருந்து வந்தாலும் வாங்கிக் கொள்ள வேண்டும். பிறகு நாமே செய்யக் கற்றுக் கொள்ள வேண்டும்.

இக்கதைகளில் நமக்குச் சம்மதமில்லாதவையும் உண்டு. வெள்ளைக்கார சர்க்காரின் உளவு வேலையை ஏதோ உலகத்துக்கே செய்யும் தர்மம் போலக் காட்டுவது நமக்குச் சம்மதமல்ல. கோர்ட்டு விசாரணையில்லாமல் ஆளைத் தீர்ப்பது சம்மதமல்ல. அவளுக்கு வீடும் காரும் பணமும் ஏராளம். அரிசி விலை அவளுக்குத் தெரியாது. அகதி முகாமில் அவளோடு பசித்திருந்த மற்றப் பெண்கள் என்ன ஆனார்கள் என்று கதை கேட்பதில்லை. ஒரு பெண் தப்புவது கதை. எல்லாப் பெண்களும் தப்புவதற்கு வழி செய்வது இயக்கம். படிக்கிறவர்கள் இந்த வித்தியாசத்தை மறக்கக் கூடாது. வேதத்தையே கேள்வி கேட்கச் சொல்லுகிற நாம், மாடஸ்டியையும் கேள்வி கேட்டுத்தான் படிக்க வேண்டும்.

முடிவாக நாம் கேட்டுக் கொள்வது மூன்று காரியங்கள். முதலாவது, இப்படிப்பகத்தில் பெண்கள் வந்து உட்கார்ந்து படிப்பதற்கு வேண்டிய வசதியை நிர்வாகிகள் இன்றே செய்ய வேண்டும். தனி நேரம், தனி மூலை என்று ஒதுக்குவது நமக்குப் பிரியமல்ல. அதே பெஞ்சு, அதே விளக்கு, அதே புத்தகம். வாசலில் நின்று கேலி பேசும் வாலிபர்கள் இருந்தால், அவர்களை வெளியே அனுப்புங்கள், பெண்களை அல்ல. இரண்டாவது, எழுதத் தெரிந்தவர்கள் ஒரு தமிழ்ப் பெண்ணை முன்னால் நிறுத்தித் துப்பறியும் கதைகள் எழுதுங்கள். அவள் தஞ்சாவூர் ரோட்டில் பஸ் ஏறி வேலைக்குப் போகிறவளாக இருக்கட்டும். அரிசி விலை தெரிந்தவளாக இருக்கட்டும். பூட்டிய வீட்டில் கொலையை மாத்திரமல்லாமல், பூட்டிய வீட்டில் பெண்ணையும் கண்டுபிடிப்பவளாக இருக்கட்டும். மூன்றாவது, அந்த எட்டாம் வகுப்புப் பெண்ணின் தகப்பனார் இங்கே இருக்கிறார். அவரும் நம் தோழரே. மேடைக்கு முன்னால் உட்கார்ந்து கைதட்டுகிறவர், வீட்டில் பெரியவர் முன்னால் வாய் திறக்கவில்லை. அவரை நாம் வைய வரவில்லை. அடுப்பில் போன புத்தகத்துக்குப் பதில் வேறு ஒன்று இதோ மேஜைமேல் இருக்கிறது. ஆனால் இதை அவரிடம் கொடுக்கப் போவதில்லை. நாளை மாலை அப்பெண்ணே வந்து, பதிவுப் புத்தகத்தில் தன் பெயரைத் தானே எழுதி, எடுத்துக் கொண்டு போகட்டும். அவளை வாசல் வரை அழைத்து வருவது மட்டுமே தகப்பனாருடைய வேலை.

தோழர்களே! நாம் சொன்னதை நாம் சொன்னோம் என்பதற்காக ஒப்புக் கொள்ள வேண்டாம். வீட்டுக்குப் போய், உங்கள் அலமாரியில் உள்ள புத்தகங்களின் அட்டைகளைப் பாருங்கள். எந்தப் பெண் கிடக்கிறாள், எந்தப் பெண் நிற்கிறாள் என்று எண்ணிப் பார்த்து, உங்கள் புத்திக்குச் சரி என்று பட்டதைச் செய்யுங்கள்.